தாத்தா துப்பாக்கி, பேரன் தோட்டா!

காவிரியைப் பெற்ற ஊருக்கு ரயில் கிடையாது. குடகு மாவட்டம் முழுக்க சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு முழத் தண்டவாளம் அகப்படாது. காவிரி பாட்டுக்கு சௌகரியமாக இறங்கி வந்துவிடுகிறாள். அவளைப் பார்க்கப் போகிற நாம்தான் மைசூர் வரை ரயிலில் போய், அங்கே பஸ் பிடித்து, ஹுன்சூர், குசால்நகர் என்று சுமார் 120 கிலோமீட்டர் குலுங்கி, மடிக்கேரியில் இறங்கி இடுப்பை நிமிர்த்திக் கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் போனது செப்டம்பர் முதல் வாரம். மழை நின்றுவிட்ட மாதிரி ஒரு பாவனை. அதை நம்பிக் குடையை மடக்கினால் உடனே ஒரு தூறல். ரோட்டின் இரண்டு பக்கமும் காப்பிச் செடி, அதற்கு நிழல் கொடுக்க சில்வர் ஓக், அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக் கொண்டு மிளகுக் கொடி. ஒரே நிலத்தில் மூன்று வருமானம். பி.காம். படித்தவன் கண்ணுக்கு இதெல்லாம்தான் முதலில் படும்.

"எங்க ஊர்ல ஆயுத பூஜை செப்டம்பர் மூணாம் தேதியே வந்துடும், வாங்க" என்று கூப்பிட்டவர், முன்பு பெங்களூரில் ஒரு ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். குடகர். நாலடி தூரத்தில் இருப்பவரிடம் பேசினாலும் பரேடு மைதானத்துக்குக் கேட்கிற குரல். பண்டிகைக்குப் பெயர் கயில்போது. கயில் என்றால் ஆயுதம். வயலில் நாற்று நடவு முடிந்த கையோடு வருகிறது. நடவுக் காலத்தில் வேட்டைக்கு ஏது நேரம்? ஆகவே அந்த நாட்களில் துப்பாக்கியை வீட்டின் பூஜை அறையில் வைத்துவிடுவது பழைய வழக்கம். நடவு முடிந்ததும் வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் வைத்துக் கும்பிட்டு, மறுபடி கையில் வாங்கிக் கொள்வார்கள்.

நம்மூர் சரஸ்வதி பூஜையில் சைக்கிளுக்கும் கால்குலேட்டருக்கும் பொட்டு வைக்கிறோம் இல்லையா? அதே பொட்டுதான். கொஞ்சம் சத்தம் போடுகிற கால்குலேட்டர்.

துப்பாக்கி வைத்துக்கொள்ள இந்தியாவில் எவ்வளவு நடையாய் நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ், பாரம், மறுபடி பாரம். குடகர்களுக்கு இந்த லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 1834-ல் குடகைத் தன் வசமாக்கிக் கொண்ட வெள்ளைக்காரன், 1857 கலகத்துக்குப் பிறகு நாடெங்கும் ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பிடுங்கினான். குடகர்களுக்கு மட்டும் 1861-ல் விலக்குக் கொடுத்தான். சுதந்திரம் வந்து, 1959-ல் புது ஆயுதச் சட்டம் வந்தும் அந்தச் சலுகை போகவில்லை. 2019-ல் மத்திய அரசு இதை இன்னும் பத்து வருஷத்துக்கு, 2029 வரை நீட்டித்தது. 'இது என்ன நியாயம், ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு கண்ணில் சுண்ணாம்பா?' என்று ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனார். கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-ல் விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது.

ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதை இந்தச் சின்ன மாவட்டம் குலத்தொழில் மாதிரி வைத்திருக்கிறது. 1949-ல் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பாவும் குடகர். 1957-லிருந்து 1961 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த திம்மையாவும் குடகர். திம்மையா வளர்ந்த மடிக்கேரி வீட்டை மியூசியமாக்கி 2021-ல் திறந்திருக்கிறார்கள். போகிறவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

நண்பரின் அப்பாவும் ராணுவம்தான். சுபேதாராக ரிட்டயர் ஆனவர். சண்டை போட்டதைவிட, சண்டை போடுகிறவர்களின் துப்பாக்கியை ரிப்பேர் செய்ததுதான் அதிகம். ஆர்மரர். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆட்களோடு பல வருஷம் இருந்ததால் தமிழ் சரளமாக வருகிறது. கெட்ட வார்த்தைகள் இன்னும் சரளம். வயது எண்பதுக்குப் பக்கம். முதுகு மட்டும் ரூல்தடி.

"என்ன தம்பி படிச்சிருக்கீங்க?"

"பி.காம். சார்."

"அப்போ கணக்குப் பார்க்கத் தெரியும். வாங்க, எனக்குக் கூட ஒரு ஆள் வேணும்."

பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம். வீட்டின் நடு ஹாலில் கோரைப்பாய் விரித்து, அதன் மேல் நாலு துப்பாக்கிகள். நான் ஏதோ வாழைத்தண்டு மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், போட்டோ எடுத்துக் கொள்ளலாம் என்று கேமராவோடு போனேன். சுபேதார் சார் ஒவ்வொன்றாக எடுத்தார். வாயைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். நடுவில் மடக்கித் திறந்தார். அறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தார். அதோடு விட்டாரா? சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவியும் பார்த்தார். பக்கத்தில் இருந்த நண்பரிடம் நீட்டினார். அவரும் பார்த்து, அவரும் விரலை விட்டார்.

"இப்பத்தானே அப்பா பார்த்தார்?" என்று நண்பர் காதில் கிசுகிசுத்தேன்.

பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "கை மாறினா கணக்கு மாறும் தம்பி. பேங்க்ல கேஷியர் எண்ணிக் கொடுத்தாலும் நீங்க எண்ணிப் பார்க்கறீங்களா இல்லையா?"

அடுத்தது குழல். ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் போட்டு டார்ச் அடித்து, தோட்டா போடுகிற பின் பக்கத்திலிருந்து கண் வைத்துப் பார்த்தார். நாலு மாதம் மழையில் மூலையில் கிடந்த குழல். உள்ளே துரு ஏறியிருக்கலாம், சிலந்தி வீடு கட்டியிருக்கலாம், குளவி மண்ணைக் குழைத்து அடைத்து வைத்திருக்கலாம். குழலில் அடைப்பு இருந்து, அது தெரியாமல் சுட்டால், பின்னால் எரிகிற மருந்தின் வாயுவுக்குப் போக வழியிருக்காது. இரும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கிழிகிற இடம் பெரும்பாலும் சுடுகிறவனின் இடது கை பிடித்திருக்கிற இடம்.

"ஒரு குளவி போதும், அஞ்சு விரலை எடுக்க" என்றார்.

நான் கேமராவை உறையில் போட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

நாலில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அழகு. இரட்டைக்குழல். குழல் மேல் பூராவும் பட்டுப் புடவை ஜரிகை மாதிரி நெளி நெளியாகக் கோலம். அவருடைய தாத்தா வாங்கியதாம், இங்கிலாந்தில் செய்தது. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, சுற்றிச் சுற்றி அடித்து ஒட்டிச் செய்த குழல். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். அந்தக் கோலம் சும்மா அலங்காரமில்லை, ஒட்டுப் போட்ட அடையாளம்.

"இதுக்கு என்ன தோட்டா போடுவீங்க சார்?"

"பூ போடுவோம்" என்றார். "தோட்டா போட மாட்டோம். அது ரிட்டயர்டு, என்னை மாதிரி."

காரணம் சொன்னார். அந்தக் காலத்துத் துப்பாக்கி கரிமருந்துக்குச் செய்தது. கரிமருந்து புகை கக்கும், ஊரையே கறுப்பாக்கும், ஆனால் அதன் அழுத்தம் அந்தக் குழலால் தாங்கக்கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லாத நைட்ரோ மருந்து வந்தது. அதன் போக்கே வேறு. இங்கிலாந்தில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை போடவே தனியாக இரண்டு இடம் உண்டு. லண்டனில் 1637-லிருந்து, பர்மிங்ஹாமில் 1813-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு. வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தருகிற தோட்டாவை வேண்டுமென்றே போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் நின்றால்தான் முத்திரை. நைட்ரோ மருந்துக்குச் சோதித்திருந்தால் அதையும் குழலில் பொறிப்பார்கள். தாத்தா துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினார். கிரீடம், எழுத்து எல்லாம் இருந்தது. நைட்ரோ என்ற வார்த்தை இல்லை.

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் புத்தகத்தில் பொருளின் மதிப்பு ஒரு ரூபாய் என்று எழுதி வைப்போம். புத்தகத்தில் எழுதினால் குழலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் பளபளவென்று சுவரில் தொங்கும். எந்தப் பேரனாவது ஒரு நாள் கடையில் வாங்கின புதுத் தோட்டாவை அதில் போட்டுப் பார்ப்பான். தோட்டா உள்ளே போகும். அதுதான் ஆபத்தே. உள்ளே போகாவிட்டால் பிரச்னையில்லையே!

"உள்ளே போகுதுங்கறதும் பொருந்துதுங்கறதும் வேற வேற தம்பி" என்றார் சுபேதார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே மைசூர் பஸ்ஸில் குலுங்கியிருக்கலாம்.

பன்னிரண்டு போர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது என்ன பன்னிரண்டு? ஒரு பவுண்டு ஈயத்தைக் காய்ச்சி, லட்டு பிடிக்கிற மாதிரி சமமாக 12 உருண்டை பிடித்தால், அதில் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக உட்காருகிறதோ அது 12 போர். குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர். அதே ஒரு பவுண்டில் 20 லட்டு பிடித்தால் லட்டு சிறுக்கும் அல்லவா? ஆகவே 20 போர் என்பது 12 போரைவிடக் குறுகல். எண் ஏறினால் வாய் சிறுக்கும். நம்ம ஆபீஸ் பதவி மாதிரி இல்லை, தலைகீழ்.

இதில் ஒரு எமன் ஒளிந்திருக்கிறான். 20 போர் தோட்டாவைக் கவனமில்லாமல் 12 போர் துப்பாக்கியில் போட்டால், அறையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்க் கொஞ்சம் முன்னால் சிக்கி நிற்கும். பின்னால் அறை காலி. விசையை அழுத்தினால் 'டிக்'. அட, தோட்டாவே போடவில்லை போலிருக்கிறதே என்று ஒரு 12 போர் தோட்டாவைப் போடுவான். அதற்கும் இடம் இருக்கும். இப்போது சுட்டால் பின்னால் உள்ளது முன்னால் உள்ளதை வெடிக்க வைக்கும். குழல் பலாப்பழம் பிளக்கிற மாதிரி பிளக்கும். இதனால்தான் 20 போர் தோட்டாவின் கூட்டுக்கு மஞ்சள் நிறம் என்று இப்போது வழக்கமாக்கியிருக்கிறார்கள். சட்டைப் பையில் இரண்டையும் கலந்து போடக் கூடாது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம்.

இன்னொன்று நீளம். பழைய துப்பாக்கிகளில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாவில் 70 மில்லிமீட்டர் உண்டு. இந்த 70 என்பது கடையில் வாங்கும்போது உள்ள நீளமில்லை, சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம்! சுடுவதற்கு முன்னால் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால், 65 அறையிலும் சமர்த்தாக உட்காரும். சுட்டதும் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதிக்குள் வாயைத் திறக்கும். வழி அடைபட்டு அழுத்தம் ஏறும். பெட்டியிலும் குழலிலும் எழுதியிருக்கிற இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. அந்த அரை நிமிஷத்துக்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது?

மறுநாள் காலை பூஜை. நாலு துப்பாக்கிக்கும் சந்தனம், பூ. பூவைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். சிவப்பும் மஞ்சளுமாக, சுடர் விட்டு எரிகிற மாதிரி இதழ். நம்ம செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர். இங்கே அதற்குப் பெயர் தோக்குப் பூ. தோக்கு என்றால் துப்பாக்கி. நாம் கவிதையில் வைத்த பூவை இவர்கள் துப்பாக்கி வாயில் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, கிழங்கு முதல் இதழ் வரை விஷம். பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

பூஜை முடிந்து கடம்புட்டும் பன்றிக்கறியும். கடம்புட்டு என்பது அரிசி நொய்யை உருட்டி ஆவியில் வேக வைத்தது. கிரிக்கெட் பந்துக்கு ஒரு சுற்று சின்னது. ஆறு சாப்பிட்டேன் என்று எழுதினால் வீட்டில் படிப்பார்கள், ஆகவே நாலு.

மத்தியானம் ஊர் மைதானத்தில் தேங்காய் சுடும் போட்டி. ஒரு மண்மேட்டை முதுகுக்கு வைத்து, அதன் முன்னால் கம்பத்தில் தேங்காய். யார் உடைக்கிறாரோ அவருக்குப் பரிசு. அந்த மண்மேடுதான் மைதானத்திலேயே முக்கியமான ஆள் என்றார் சுபேதார். தப்புகிற குண்டு எங்கேயாவது போய் நின்றாக வேண்டுமே! பாயிண்ட் டூ டூ என்று விளையாட்டுத் துப்பாக்கி மாதிரி பேசுகிறோமே, அதன் சுண்டைக்காய் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும்.

பன்னிரண்டு போர் முறை வந்தது. ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு வந்தான். கூலிங் கிளாஸ். பின்னால் நாலு பெண்கள் பார்க்கிறார்கள் என்பது அவன் நடையிலேயே தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து தோட்டாவை எடுத்தான். போட்டான். குறி பார்த்தான். சுட்டான்.

'டமார்' வரவில்லை. 'புஸ்' என்று ஒரு சத்தம். ஈரப் பட்டாசு மாதிரி. துப்பாக்கி தோளில் இடிக்கக்கூட இல்லை. வாயிலிருந்து கொஞ்சம் புகை. நாலைந்து ரவை புல்லில் சொட்டிற்று. தேங்காய் தேமே என்று நின்றது. கூட்டம் 'ஹோ' என்று சிரித்தது. பெண்களும்.

பையன் முகம் சிவந்துவிட்டது. சரக்கென்று மடக்கித் திறந்து, பழைய கூட்டை உதறி, பையிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துச் செருகி, மூடி, தோளுக்கு உயர்த்தினான். இத்தனைக்கும் மூன்று விநாடி ஆகியிருக்காது.

"நில்லு!"

அந்தக் குரல் எண்பது வயசுக் கிழவரிடமிருந்து வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காப்பித் தோட்டத்துப் பறவையெல்லாம் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் கப்சிப். பையன் அப்படியே நின்றான். விரல் விசையில்.

"விரலை எடு. வாய் மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். திரும்பாதே. என்னைப் பார்க்காதே."

நடந்து போனார். ஓடவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்று, கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கி, திறந்து, தோட்டாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பின்பக்கத்திலிருந்து குழலைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "பி.காம்., என்ன தெரியுது?" என்றார்.

குழலின் அந்தப் பக்கம் வானம் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. இருட்டு.

துடைக்கிற கம்பியை வாய்ப் பக்கமாக விட்டுத் தள்ளினார். 'பொத்' என்று ஒரு தக்கையும், அதோடு கரியும் எரியாத மருந்துமாக ஒரு பிடியும் விழுந்தது. பன்னிரண்டு போர் தோட்டாவின் உள்ளே கீழே கேப், அதன் மேல் மருந்து, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே ஒரு தக்கை. மருந்து சரியாக எரிந்தால் தக்கை ரவையை முழு வேகத்தில் தள்ளிக்கொண்டு வெளியே போகும். அரைகுறையாக எரிந்தால் ரவை கொஞ்சம் உதிர்ந்துவிட்டு, தக்கை பாதி வழியில் உட்கார்ந்துவிடும். அதன் பின்னால் நல்ல தோட்டா ஒன்றைச் சுட்டிருந்தால்?

பையன் தன் இடது கையைப் பார்த்துக் கொண்டான். விரல்களை ஒரு தடவை மடக்கி நிமிர்த்தினான். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டான்.

தோட்டா எங்கேயிருந்து வந்தது என்று விசாரணை. சித்தப்பாவின் பீரோ இழுப்பறை. காகிதக் கூடு போட்ட பழைய தோட்டா. பெட்டி இல்லை. எத்தனை மழைக்காலம் பார்த்ததென்று சித்தப்பாவுக்கே தெரியாது. காகிதம் ஈரம் குடித்து உப்பி, கேப்பில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு. துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று யாரோ எண்ணெய் வேறு தடவியிருக்கிறார்கள். எண்ணெய் துப்பாக்கிக்கு மருந்து, தோட்டாவுக்கு விஷம். கேப்பின் ஓரமாகக் கசிந்து உள்ளே போய் அதைச் செத்துப் போகச் செய்யும்.

அன்று ராத்திரி அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தோம். மழை மறுபடி பிடித்துக் கொண்டது.

"நல்ல தோட்டா எது, கெட்ட தோட்டா எதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"சுட்டுப் பார்த்தாத்தான் தெரியும். சுட்டுட்டா தோட்டா இல்லை" என்று சிரித்தார்.

யோசித்துப் பாருங்கள். புடவையைப் பிரித்துப் பார்த்து வாங்கலாம், மாம்பழத்தை முகர்ந்து வாங்கலாம். தோட்டாவும் தீக்குச்சியும் ஒரு ஜாதி. சோதித்தால் சரக்குக் காலி. ஆகவே தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்? ஒரே சமயத்தில் ஒரே மருந்தில் செய்ததை ஒரு லாட் என்று பிரித்து, அதிலிருந்து சிலதை எடுத்துச் சுட்டு, அழுத்தம், வேகம் எல்லாம் அளந்து பார்க்கிறார்கள். சாம்பிள் தேறினால் லாட் தேறிற்று. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். புனே பக்கத்தில் கட்கியில் 1869-லிருந்து அரசாங்க வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவத் தோட்டாக்களோடு நம் நாட்டுப் பன்னிரண்டு போர்களுக்கும் அங்கே செய்து வந்திருக்கிறார்கள். 2021-ல் அரசுத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டுக்குப் போயிற்று. எந்தத் தொழிற்சாலையானாலும் பெட்டியின் மேல் லாட் எண்ணும் வருஷமும் இருக்கும்.

"அந்தப் பெட்டிதான் தம்பி தோட்டாவோட ஜாதகம். பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு உதிரியா டப்பாவில கொட்டி வைக்கிறவன், ஜாதகத்தைக் கிழிச்சுட்டுப் பொண்ணு தேடறவன்."

தொழிற்சாலை வாசல் வரைக்கும்தான் அவர்கள் பொறுப்பு. அதற்கப்புறம் லாரி, கடை, பீரோ, நாலு மாத மழை, சித்தப்பா. தோட்டா கெடுவது பெரும்பாலும் இந்தப் பாதையில்தான். காய்ந்த இடம், குளிர்ந்த இடம், அடுப்புச் சூடு படாத இடம், பூட்டு. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், சாவிகள் குழந்தைகள் கைக்கு எட்டாத மூன்றாம் இடத்தில். பழையதை முதலில் செலவழி, புதியதைப் பின்னால் வை. இதை எங்கள் காலேஜில் ஃபிஃபோ என்று ஒரு செமஸ்டர் பூராவும் சொல்லிக் கொடுத்தார்கள். இவர் ஒரு வரியில் முடித்தார்.

காலிக் கூட்டில் வீட்டிலேயே மருந்து அடைத்துக் கொள்வது பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "ரீஃபில் பேனாவுக்குத்தான்" என்றார். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். குடகர்களின் விலக்கு துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தானே தவிர, வீட்டில் தோட்டாத் தொழிற்சாலை நடத்த அல்ல. சட்டம் கிடக்கட்டும், கைப்பிடி அளவில் மருந்து போடுகிறவனுக்கு அழுத்தம் எவ்வளவு என்று யார் சொல்வார்கள்?

விசையை அழுத்தி 'டிக்' என்று மட்டும் கேட்டால்? உடனே திறக்கக் கூடாது. சில தோட்டா யோசித்துவிட்டு வெடிக்கும். வாயை ஆபத்தில்லாத திசையில் வைத்தபடி குறைந்தது அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும், ஒரு நிமிஷம் என்றால் இன்னும் நல்லது. சத்தம் வழக்கத்தைவிடக் கம்மியாக, 'புஸ்' என்று வந்தால் அடுத்த தோட்டாவைப் பற்றி நினைக்கவே கூடாது. திற, காலி செய், குழலில் வானம் தெரிகிறதா பார்.

இதெல்லாம் துப்பாக்கியும் தோட்டாவும் செய்கிற தப்பு. மனுஷன் செய்கிற தப்புக்கு நாலு விதி. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர் அவற்றை உலகம் பூராவும் பரப்பினார். எந்தத் துப்பாக்கியும் தோட்டா போட்டதாகவே நினை. எதை அழிக்க மனம் இல்லையோ அதை நோக்கி வாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விரலை விசையில் வைக்காதே. குறி என்ன, குறிக்குப் பின்னால் என்ன என்று தெரிந்து சுடு. சுபேதார் சார் கூப்பரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நாலும் அவர் கையிலேயே இருந்ததைத்தான் இரண்டு நாளாகப் பார்த்தேன்.

நாலாவதை இரண்டு தடவை சொன்னார். காப்பித் தோட்டத்தில் செடி இடுப்புக்கு மேல். குனிந்தவன் தெரிய மாட்டான். ராத்திரி காட்டுப்பன்றி வருகிறது என்று துப்பாக்கியோடு போய், புதர் அசைவதைப் பார்த்து, சொந்தக்காரனையே சுட்டவர்கள் உண்டு. "அசையறதெல்லாம் பன்னி இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக் கொண்டிருந்தார். யாரை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

குடகில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு. வீட்டில் சாவென்றால் இரண்டு வேட்டு. நவம்பர், டிசம்பரில் புத்தரி அறுவடைப் பண்டிகை. முதல் கதிரை அறுக்கும்போதும் வேட்டு. வானத்தைப் பார்த்துச் சுடுகிற ரைபிள் குண்டு வானத்திலேயே தங்கிவிடுவதில்லை. எங்கோ ஒருவர் தலைமேல் இறங்கும். ஆகவே வெறும் வேட்டு போதும் என்பது அவர் கட்சி. அதுவும் கிட்டத்தில் ஆள் இருக்கக் கூடாது. ரவை இல்லாவிட்டாலும் தக்கை பாயும். இது குடகுக்கு மட்டுமல்ல. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை முன்னால் சுட்டு ஆடுகிற வழக்கம் வடக்கே ஜாஸ்தி. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

நீங்களும் நானும் ஆயுசில் ஒரு தோட்டா வாங்கப் போவதில்லை. இருந்தாலும் குடகுக்குப் போனால் நண்பர் வீட்டிலோ தோட்ட பங்களாவிலோ சுவரில் ஒன்று தொங்கும். "சார், கையில பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்குங்க" என்று உபசாரம் நடக்கும். பிடியுங்கள், தப்பில்லை. முதலில் "திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். திறந்து காட்டினாலும் நீங்களும் பாருங்கள். போட்டோ எடுக்கிற மனைவியை நோக்கி வாயைத் திருப்பாதீர்கள்; அதற்கு வேறு ஆயிரம் சந்தர்ப்பம் உண்டு. இப்படிக் கேட்டால் குடகர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று இன்னொரு கடம்புட்டு வைப்பார்கள்.

கிளம்பும் முன் சுபேதார் சார் ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். தேதி, லாட் எண், வாங்கியது, சுட்டது, மிச்சம். வாங்கிய தோட்டாவுக்கு மட்டுமல்ல, எறிந்த காலிக் கூட்டுக்கும் கணக்கு. எந்த ஆடிட்டரும் குற்றம் சொல்ல முடியாத ஸ்டாக் ரெஜிஸ்டர். கடைசி வரியில் அன்றைய தேதி போட்டு, 'பையனிடம் வாங்கியது 1. பெட்டி இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கையெழுத்து. அவருடையது இல்லை, அந்தப் பையனுடையது.

"கையெழுத்து எதுக்கு சார்?"

"விரல் அஞ்சும் இருக்கான்னு பார்க்கத்தான்" என்றார்.